ரைசன் 5800எக்ஸ் ஓவர்கிளாக்: கோடையில் 90 டிகிரியைத் தாண்டாமல் வைப்பது எப்படி?

திருச்சி_ரைசன் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. வீட்டில் ஏஎம்டியின் ரைசன் 7 5800எக்ஸ் ப்ராசஸர், பி550 மதர்போர்டு, நான்கு ஹீட் பைப் உள்ள ஒற்றை டவர் கூலர். கேபினட்டின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதன் பின்னால் மூன்று ஃபேன், கேபினட்டின் பின்புறம் ஒன்று. ஓவர்கிளாக் செய்ய, அதாவது இயல்பைவிட வேகமாக ஓட்ட, பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) எல்லாக் கோருக்கும் 4.7 கிகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட் என்று கையாலேயே வைத்திருக்கிறேன்.

கேம் ஆடும்போது 78 முதல் 82 டிகிரி. ப்ராசஸருக்கு முழுச் சுமை கொடுக்கும் சினிபெஞ்ச் ஆர்23 பத்து நிமிடச் சோதனையில் 92, 93-ல் போய் நிற்கிறது. யூடியூபில் இதே ப்ராசஸர், இதே கூலர், கிட்டத்தட்ட இதே வேகத்தில் ஓட்டுகிறவர்களுக்கு 78, 80 என்று வருகிறது. ப்ராசஸருக்கும் கூலருக்கும் இடையில் தடவும் பேஸ்ட்டை மாற்றியதில் இரண்டு டிகிரிதான் இறங்கியது. 360 எம்எம் லிக்விட் கூலருக்கு மாறலாமா? பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும் என்பதால் முதலில் உங்களிடம் கேட்கிறேன். என் அறை மேல்மாடியில், தலைக்கு மேலே மொட்டை மாடி. ஏசி கிடையாது.

மின்னோட்டம் எழுதியது:

தம்பி, பணத்தை எடுத்து வைக்கும் முன் ஒன்று சொல்லுங்கள். அந்த 93 வந்தபோது அறையில் எத்தனை டிகிரி? கேபினட்டுக்குள் வேண்டாம், முன் ஃபேன் காற்றை இழுக்கிற இடத்தில் பாருங்கள். வெப்பம் காட்டுகிற மேசைக் கடிகாரம் இருந்தால்கூடப் போதும். கால் மணி நேரம் அங்கே வைத்துவிட்டுப் படியுங்கள்.

திருச்சி_ரைசன் எழுதியது:

பார்த்துவிட்டேன் அண்ணா. இரவு ஒன்பது மணிக்கு 34. பகலில் 36-ஐத் தொடுகிறது. கத்திரி வெயில் ஆரம்பித்துவிட்டது, தளம் வாங்கிய சூடு நள்ளிரவு வரை இறங்குவதில்லை.

மின்னோட்டம் எழுதியது:

சரி, அப்படியானால் உங்கள் கூலரில் குறை இல்லை.

டவர் கூலரோ லிக்விட் கூலரோ, எதுவுமே ப்ராசஸரை அறைக்காற்றைவிடக் குளிராக்காது. அதன் வேலை, ப்ராசஸரின் சூட்டை எடுத்து அறைக்காற்றில் விடுவது. ஒரு குறிப்பிட்ட வாட்டுக்கு, அறை வெப்பத்தைவிட இத்தனை டிகிரி மேலே என்று ஒரு இடைவெளியை அது தரும். அறை சூடானாலும் குளிர்ந்தாலும் அந்த இடைவெளி பெரிதாக மாறாது. நீங்கள் பார்க்கிற யூடியூப் சோதனைகள் பெரும்பாலும் 21, 22 டிகிரி அறையில் நடப்பவை. அங்கே 79 என்றால் இடைவெளி 58. உங்களுக்கு 34 அறையில் 93 என்றால் இடைவெளி 59. இரண்டும் ஒன்றுதான். அவருடைய கூலர் செய்கிற வேலையைத்தான் உங்களுடையதும் செய்துகொண்டிருக்கிறது.

அதனால் இனிமேல் எந்த அளவை எழுதினாலும் பக்கத்திலேயே அறை வெப்பத்தையும் எழுதுங்கள். அது இல்லாத எண்ணை வைத்துக்கொண்டு யாரோடும் ஒப்பிட முடியாது. ஜனவரியில் நீங்கள் எடுத்த அளவை மே மாத அளவோடுகூட ஒப்பிட முடியாது.

அடுத்தது வோல்டேஜ். ப்ராசஸர் தின்கிற மின்சாரம் வேகத்தோடு நேர்விகிதத்தில் ஏறும், வோல்டேஜோடு அதன் வர்க்கத்தில் ஏறும். 4.5 கிகாஹெர்ட்ஸ், 1.20 வோல்ட்டில் ஓடுகிற ஒன்றை 4.7, 1.35-க்குக் கொண்டுபோகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வேகம் 4.4 விழுக்காடு ஏறுகிறது. வோல்டேஜின் வர்க்கம் 26.6 விழுக்காடு ஏறுகிறது. இரண்டையும் பெருக்கினால் வெப்பம் 32 விழுக்காடு அதிகம். ப்ராசஸர் சூடாகச் சூடாக டிரான்சிஸ்டர்களின் கசிவு மின்னோட்டமும் கூடும், அது இந்தக் கணக்கில் சேராத தனி. நாலு விழுக்காடு வேகத்துக்கு இந்த விலை, அதுவும் 36 டிகிரி அறையில், எனக்கு நியாயமாகப் படவில்லை. கூலரைத் தொடும் முன் வோல்டேஜைத் தொடுங்கள்.

டொராண்டோ_தமிழ் எழுதியது:

மின்னோட்டம் அண்ணா சொல்வதற்கு என்னிடம் நேரடிச் சான்று இருக்கிறது. என்னிடமும் 5800எக்ஸ்தான், கூலரும் அதே ரகம். வெளியே பனி பெய்தாலும் ஹீட்டர் ஓடுவதால் வீட்டுக்குள் 20, 21 டிகிரி. ஓவர்கிளாக் எதுவும் செய்யாமல் சினிபெஞ்சில் 76, 77 வரும். ஜூலையில் அறை 28-க்குப் போகும்போது அதே கணினி 84 காட்டும். இடையில் நான் ஒரு திருகாணியைக்கூடத் தொட்டதில்லை.

கேம்பிரியன்_மதுரை எழுதியது:

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 5800எக்ஸுக்கு ஏஎம்டி வைத்திருக்கும் உச்ச வரம்பே 90 டிகிரி. அந்த வரம்புக்குள் எவ்வளவு நேரம் ஓடினாலும் தாங்கும் என்றுதான் வடிவமைத்திருக்கிறார்கள். 2022-ல் வந்த 7950எக்ஸ் 95 டிகிரியில் ஓடுவதையே இயல்பு என்று அவர்களே சொன்னார்கள். வரம்பைத் தொட்டால் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எரிந்துவிடுமோ என்று ஏன் பயப்பட வேண்டும்? 2001-ல் ஒரு கணினித் தளம், ஓடிக்கொண்டிருந்த அத்லான் ப்ராசஸரின் ஹீட் சிங்கைக் கழற்றிப் படம் பிடித்துக் காட்டியது. சில நொடிகளில் புகைந்து போனது. அந்தக் காலம் முடிந்துவிட்டது. இப்போது எரிவதற்கு முன்பே கணினி அணைந்துவிடும்.

மின்னோட்டம் எழுதியது:

பாதிக்கு நான் உங்களோடு இருக்கிறேன். பயாஸில் எதையும் மாற்றாமல் 88, 90 வந்தால் கவலை வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். அங்கே வோல்டேஜ், மின்னோட்டம், வெப்பம் மூன்றையும் ப்ராசஸரே நொடிக்குப் பலமுறை பார்த்துச் சரிசெய்துகொள்கிறது. 142 வாட் என்ற வரம்பும் இருக்கிறது.

கையால் 4.7, 1.35 என்று பூட்டிவிட்டால் நிலைமை வேறு. 142 வாட் வரம்பு அங்கே வேலை செய்யாது. எல்லாக் கோரும் முழுச் சுமையில் இருக்கும்போதும் அதே 1.35 போய்க்கொண்டிருக்கும். பூட்டாமல் விட்டால் ஒரே கோர் வேலை செய்யும்போது 1.45-க்கு மேலேகூடப் போகுமே என்று சிலர் கேட்பார்கள். அப்போது மின்னோட்டம் குறைவு, வெப்பமும் குறைவு. முழுச் சுமையில் ப்ராசஸர் தானே வோல்டேஜை இறக்கிவிடும்.

1969-ல் மோட்டரோலாவில் இருந்த ஜேம்ஸ் பிளாக் உலோகக் கம்பிகளின் ஆயுளுக்கு ஒரு சமன்பாடு எழுதினார். இன்றும் எல்லோரும் அதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். சிப்புக்குள் ஓடும் மெல்லிய கம்பிகளில் எலக்ட்ரான்கள் மோதி மோதி உலோக அணுக்களை நகர்த்திவிடும், கடைசியில் கம்பி அறுந்துபோகும். அந்த ஆயுளைக் குறைப்பவை இரண்டு: மின்னோட்ட அடர்த்தி, வெப்பம். கையால் பூட்டிய ஓவர்கிளாக்கில் இரண்டையும் சேர்த்தே ஏற்றுகிறோம். நாளைக்கே போய்விடும் என்று நான் சொல்லவில்லை. இந்த வேகம் இத்தனை வோல்ட்டில் நிலையாக ஓடும் என்பது மெல்ல மெல்ல மாறிப்போகும். இன்றைக்கு நின்ற 4.7 ஒரு காலத்தில் நிற்காது.

சிவப்புத்திரை எழுதியது:

இன்டெல் பக்கம் நடந்ததையும் இங்கே எழுத வேண்டும். 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் காரணமில்லாமல் கிராஷ் ஆகின்றன என்று உலகம் முழுக்கப் புகார் வந்தது. பலர் வெப்பத்தைக் குறை சொன்னார்கள், கூலரை மாற்றினார்கள். 2024 ஜூலையில் இன்டெல்லே சொன்னது, ப்ராசஸருக்குள் ஓடும் மைக்ரோகோடு என்ற நிரல் தேவைக்கு அதிகமான வோல்டேஜைக் கேட்டதுதான் காரணம் என்று. ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்று திருத்தங்கள் வந்தன, வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டித்தார்கள். ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை எந்தத் திருத்தமும் மீட்கவில்லை.

என்னுடையது 13700கே. பயாஸைப் புதுப்பித்து, வாட் வரம்பை 253-லிருந்து 180-க்குக் கொண்டுவந்தேன். கேமில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சென்னையில் ஏசி இல்லாத மதியத்தில்கூட 80-க்குள் நிற்கிறது. 13, 14-ஆம் தலைமுறை வைத்திருக்கும் யாராவது பழைய பயாஸிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால், தயவுசெய்து இந்த இழையைப் படிப்பதை நிறுத்திவிட்டு அதை முதலில் முடியுங்கள்.

வரைகலைக்காரி எழுதியது:

திருச்சி_ரைசன், நான் வீடியோ எடிட்டிங் செய்கிறவள். இரவெல்லாம் ரெண்டர் ஓடும், அதனால் இந்த ப்ராசஸரின் சூட்டோடு நிறையப் பழகியிருக்கிறேன். முதலில் அது ஏன் இப்படிக் கொதிக்கிறது என்று தெரிந்துகொண்டால் என்ன செய்வது என்பது எளிதாகப் புரியும். 5800எக்ஸின் எட்டுக் கோர்களும் ஒரே சிலிக்கான் துண்டில் இருக்கின்றன. அதன் பரப்பு சுமார் 80 சதுர மில்லிமீட்டர்தான். சுண்டுவிரல் நகத்தின் அளவு. 12 கோர் உள்ள 5900எக்ஸுக்கும் இதே 142 வாட் வரம்புதான், ஆனால் அங்கே அது இரண்டு துண்டுகளில் பிரிந்துவிடுகிறது. நாலு வழிச்சாலை வண்டியெல்லாம் ஒற்றைப் பாலத்தில் நுழைகிற மாதிரி, சூடு வெளியேறும் வழியே இங்கே குறுகல். அதனால்தான் பெரிய கூலர் போட்டாலும் எதிர்பார்த்த அளவு இறங்குவதில்லை. சூடு கூலருக்கு வந்து சேர்வதற்கு முன்பே சிப்பில் தேங்கிவிடுகிறது.

ஆகவே கையால் பூட்டியதை எடுத்துவிட்டு பிபிஓ பக்கம் வாருங்கள். அதில் வரம்புகளை மட்டும் நாம் வைப்போம், வேகத்தை ப்ராசஸரே முடிவு செய்யும். பயாஸில் ஏஎம்டி ஓவர்கிளாக்கிங் என்ற பகுதிக்குள் இருக்கும். நான் செய்த வரிசை இது:

பிபிஓ-வை அட்வான்ஸ்டில் வைத்து, பிபிடி 115 வாட், டிடிசி 80 ஆம்பியர், இடிசி 120 ஆம்பியர். பிபிடி மொத்த வாட்டுக்கும் மற்ற இரண்டும் மின்னோட்டத்துக்கும் உச்ச வரம்புகள். பிறகு வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசர், ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியாக, நெகட்டிவ். ஒரு படி என்பது சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட், கீழே 30 வரை போகலாம். ரைசன் மாஸ்டர் மென்பொருளில் நட்சத்திரம் போட்ட இரண்டு கோர்கள் இருக்கும். அவை சிப்பின் சிறந்த கோர்கள், ஏற்கெனவே குறைந்த வோல்ட்டில் அதிக வேகத்துக்கு இழுக்கப்படுபவை. அவற்றுக்கு 8 அல்லது 10 படிக்கு மேல் குறைக்காதீர்கள். மற்றவற்றுக்கு 20-ல் தொடங்குங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். 4.7-ல் பூட்டும்போது ஒற்றைக் கோர் வேகத்தை இழக்கிறீர்கள். பூட்டாத 5800எக்ஸ் ஒரு கோர் மட்டும் வேலை செய்யும்போது 4.85 வரை தானே போகும். கேமுக்கும் பிரவுசருக்கும் அந்த வேகம்தான் கைகொடுக்கும்.

திருச்சி_ரைசன் எழுதியது:

அக்கா, மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடி வைத்தேன். அறை 34. சினிபெஞ்சில் 80-ல் நின்றுவிட்டது! ஸ்கோர் முன்பு 16,100 வந்தது, இப்போது 15,300. ஆனால் ஒற்றைக் கோர் ஸ்கோர் முன்பைவிட ஏறியிருக்கிறது.

ஒரு சிக்கல். சினிபெஞ்ச், பிரைம்95 என்ற இரண்டு சுமைச் சோதனைகளையும் தாண்டிவிட்டது. இரவு சும்மா ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருக்கும்போது கணினி பட்டென்று ரீஸ்டார்ட் ஆகிறது. நீலத் திரைகூட வரவில்லை. முழுச் சுமையில் நிற்பது ஓய்வில் ஏன் விழுகிறது?

வரைகலைக்காரி எழுதியது:

கர்வ் ஆப்டிமைசரில் அப்படித்தான் நடக்கும். முழுச் சுமையில் எல்லாக் கோரும் 4.5 பக்கம் ஓடுகின்றன, அங்கே வோல்டேஜுக்கு நெருக்கடி இல்லை. வீடியோ பார்க்கும்போது ஒரு கோர் மட்டும் திடீரென்று 4.85-க்குத் தாவும். நீங்கள் குறைத்து வைத்த வோல்டேஜ் அந்தத் தாவலுக்குப் போதவில்லை. எந்தக் கோர் என்று கண்டுபிடிக்கலாம். விண்டோஸில் ஈவண்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் பதிவில், ரீஸ்டார்ட் ஆன நேரத்தை ஒட்டி, டபிள்யூஎச்இஏ லாகர் 18 என்று ஒரு பிழை இருக்கிறதா பாருங்கள். அதற்குள் ஏபிஐசி ஐடி என்று ஒரு எண் இருக்கும். அதை இரண்டால் வகுத்து மீதியை விட்டுவிடுங்கள். 6 அல்லது 7 என்றால் பயாஸில் கோர் 3. 0 அல்லது 1 என்றால் கோர் 0.

திருச்சி_ரைசன் எழுதியது:

கிடைத்தது. ஏபிஐசி ஐடி 4. அப்படியென்றால் கோர் 2. ரைசன் மாஸ்டரில் பார்த்தால் அது நட்சத்திரம் போட்ட கோரேதான்.

வரைகலைக்காரி எழுதியது:

அதற்கு மட்டும் 10-லிருந்து 5-க்கு வாருங்கள். மற்றதைத் தொடாதீர்கள். அப்புறம் கோர்சைக்ளர் என்ற இலவசக் கருவி இருக்கிறது, பிரைம்95-ஐ ஒவ்வொரு கோரிலும் தனித்தனியாக ஓட்டிப் பார்க்கும். இரவு தூங்கப் போகும்போது ஓடவிடுங்கள். எந்தக் கோரில் பிழை வருகிறதோ அதன் வோல்டேஜை மட்டும் இரண்டு மூன்று படி ஏற்றுங்கள். கர்வ் ஆப்டிமைசர் பொறுமையான வேலை. சினிபெஞ்ச் ஓடியதும் முடிந்தது என்று எடுத்துக்கொண்டு அலுவலக வேலையை அந்தக் கணினியில் செய்யக்கூடாது. சேமிக்காத கோப்பு போனால் போனதுதான்.

பனியன்நகர் எழுதியது:

திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். எல்லோரும் பயாஸைப் பேசுகிறார்கள், நான் கேபினட்டைப் பேசுகிறேன். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி என்று முதல் பதிவிலேயே சொல்லிவிட்டீர்கள். அதன் பின்னால் மூன்று ஃபேன் இருந்து என்ன பயன்? காற்று உள்ளே வர ஓரத்தில் ஒரு விரல் இடைவெளிதான் இருக்கும். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அதே சோதனையை ஓட்டுங்கள். நாலு டிகிரிக்கு மேல் இறங்கினால் உங்கள் பணம் போக வேண்டிய இடம் வலைமுகப்பு உள்ள கேபினட். லிக்விட் கூலரே போட்டாலும் அந்த ரேடியேட்டரும் இதே கண்ணாடிக்குப் பின்னால்தான் மூச்சுத் திணறும்.

அடுத்தது தூசு. எங்கள் ஊரில் காற்றிலேயே பஞ்சு பறக்கும். கூலரை வெளியே இருந்து பார்த்தால் சுத்தமாக இருக்கும். ஃபேனைப் பிடித்திருக்கும் கம்பிக் கிளிப்பை எடுத்து ஃபேனைத் தூக்கினால், அதற்குப் பின்னால் அலுமினியத் தகடுகளின் முகத்தில் சாம்பல் நிறத்தில் ஒரே படலமாகப் பஞ்சு ஒட்டியிருக்கும். நகத்தால் ஓரத்தைக் கிளப்பினால் துணி மாதிரி மொத்தமாக உரிந்து வரும். என்னிடம் வரும் கணினிகளில் 95 டிகிரி என்று வருகிற பலவற்றுக்கு வைத்தியம் இதை உரித்து எடுப்பதோடு முடிந்துவிடும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் போய்விடும்.

பேஸ்ட் மாற்றுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 5800எக்ஸ் போன்ற ஏஎம்4 ப்ராசஸரில் பின்கள் ப்ராசஸரின் அடியில் இருக்கின்றன. சாக்கெட்டில் அதைக் கெட்டியாகப் பிடித்திருக்கும் மூடி எதுவும் கிடையாது. பேஸ்ட் காய்ந்து இறுகியிருக்கும்போது கூலரை நேராக இழுத்தால் ப்ராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின் வளைந்துவிடும். கணினியைப் பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, திருகாணிகளைத் தளர்த்தியதும் கூலரை இடவலமாக மெல்லத் திருகுங்கள். பிடி விட்டதும் தூக்குங்கள். தூக்கியதும் துடைத்துவிடாமல் பேஸ்ட் பதிந்த தடத்தைப் பாருங்கள். நடுவில் மெல்லியதாகவும் எல்லா ஓரத்துக்கும் பரவியும் இருந்தால் அழுத்தம் சரி. ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தால் திருகாணி சமமாக இறங்கவில்லை. குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறுக்க வேண்டும்.

பேஸ்ட்டுக்குப் பதில் லிக்விட் மெட்டல் வாங்கித் தடவ நினைக்கிறவர்கள் கூலரின் அடித்தட்டு அலுமினியமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள கேலியம் அலுமினியத்தை அரித்துப் பொடியாக்கும். மின்சாரத்தையும் கடத்தும். வீட்டுக் கணினிக்கு அது தேவையே இல்லை என்பது என் கருத்து.

யாழ்கணினி எழுதியது:

வணக்கம், யாழ்ப்பாணத்தில இருந்து. எனக்கு இரண்டு கேள்விகள். ஏசி அறையில் கணினியை வைத்தால் உள்ளே ஈரம் கட்டிப் பழுதாகும் என்று கடையில் சொல்கிறார்கள், உண்மையோ? மற்றது, தண்ணீர் ஊற்றுகிற ஏர் கூலரைக் கேபினட்டுக்கு நேரே திருப்பி வைத்தால் நல்லதோ?

மின்னோட்டம் எழுதியது:

முதல் கேள்விக்கு, ஓடுகிற கணினியில் ஈரம் கட்டாது. காற்றில் உள்ள ஈரம், காற்றைவிடக் குளிர்ந்த பரப்பின் மேல்தான் துளியாகப் படியும். கணினிக்குள் எல்லாமே அறைக்காற்றைவிடச் சூடு. பெல்டியர் (மின்சாரத்தால் குளிரும் தகடு), ஐஸ் என்று அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோகிறவர்களுக்குத்தான் அந்த ஆபத்து. ஏசி ஓடும் அறையில் காற்று உலர்ந்தே இருக்கும், கணினிக்கு நல்லது. ஒரே ஒரு கவனம்: குளிர்ந்து கிடந்த கணினியை அப்படியே தூக்கிக்கொண்டு வெளிப் புழுக்கத்துக்குப் போனால் உடனே ஆன் செய்யாதீர்கள். அரை மணி நேரம் விட்டுப் பிறகு போடுங்கள்.

இரண்டாவதற்கு, வேண்டாம். ஏர் கூலர் காற்றை ஈரமாக்கித்தான் குளிர்விக்கிறது. தள்ளி இருந்து அறையைக் குளிர்விக்கட்டும். நேரே திருப்பினால் துளி சிதறும், அந்த ஈரத்தில் தூசு ஒட்டிக் கெட்டியாகும். அதோடு உங்கள் ஊர்க் கடல்காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம், ஏர் கூலரால் பெரிதாகக் குளிர்விக்கவும் முடியாது.

அறையைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். ப்ராசஸர் 150 வாட், கிராபிக்ஸ் கார்டு 220 வாட் என்றால் 370 வாட்டும் கடைசியில் சூடாக அறைக்குள்தான் வந்து விழுகிறது. கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு கேம் ஆடினால் அறை ஏறும், அறை ஏறினால் ப்ராசஸர் ஏறும். பெரிய கூலர் போட்டாலும் அறைக்கு வரும் சூட்டில் ஒரு வாட் குறையாது. வாட்டைக் குறைத்தால் ப்ராசஸரும் அறையும் சேர்ந்தே குளிரும். வோல்டேஜைக் குறைப்பதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இதுவும் காரணம். சீலிங் ஃபேன் காற்றைக் கலக்குமே தவிர அதன் வெப்பத்தைக் குறைக்காது. ஜன்னலைத் திறந்து சூடான காற்று வெளியே போக வழி விடுங்கள். கேபினட்டின் பின்புறத்தைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

கேம்பிரியன்_மதுரை எழுதியது:

வாட் கணக்கு சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லிக்விட் கூலரே வேண்டாம் என்று சொல்லிவிட முடியுமா? வெப்பம் ஏறுகிற வேகமாவது குறையுமே.

மின்னோட்டம் எழுதியது:

வேண்டாம் என்று ஒட்டுமொத்தமாகச் சொல்ல மாட்டேன். 250 வாட் இழுக்கிற இன்டெல் ஐ9-க்கு அது தேவை. 115 வாட் 5800எக்ஸுக்கு ஆறு ஹீட் பைப், இரட்டை டவர் கூலர் போதும், விலையும் பாதிக்குக் கீழே வரும். வாங்கும் முன் உயரத்தைப் பாருங்கள். நாக்டுவா என்எச்-டி15 போன்றவை 165 மில்லிமீட்டர் உயரம், பல சின்னக் கேபினட்டுகளின் பக்கக் கண்ணாடி மூடாது.

ஏறுகிற வேகம் குறைவது என்பது நீங்கள் சொன்ன மாதிரி உண்மை. தண்ணீர் சூடாக நேரம் எடுக்கும். அதனாலேயே லிக்விட் கூலரை மூன்று நிமிடச் சோதனையில் எடைபோடக்கூடாது. இருபது நிமிடம் போனால்தான் அதன் உண்மையான அளவு தெரியும். பொருத்தும்போது பம்ப் இருக்கும் இடம் சுற்றின் மிக உயரமான இடமாக இருக்கக்கூடாது. உள்ளே இருக்கும் கொஞ்சக் காற்று மேலே போய்ச் சேரும். அது ரேடியேட்டரின் மேல்முனையில் தங்கினால் தொந்தரவு இல்லை, பம்பில் தங்கினால் கடகடவென்று சத்தம் வரும், ஆயுளும் குறையும். பம்ப் நின்றுவிட்டால் டவர் கூலர் மாதிரி சமாளித்து ஓடாது. வெப்பம் சட்டென்று வரம்புக்கு ஏறும்.

சிவப்புத்திரை எழுதியது:

விஆர்எம் பற்றி யாரும் எழுதவில்லையே. ப்ராசஸருக்கு வோல்டேஜ் கொடுக்கிற அந்தப் பகுதியும் சூடாகும். விலை குறைந்த மதர்போர்டுகளில் அதன் மேல் ஹீட் சிங்க்கே இருக்காது. டவர் கூலர் காற்றைப் பக்கவாட்டில் தள்ளுவதால் அங்கே காற்று படுவதும் இல்லை. வெப்பம், வோல்டேஜ் எல்லாம் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் விஆர்எம் மாஸ் என்று ஒரு வரி இருந்தால் அதையும் பாருங்கள். 100-ஐ நெருங்கினால் ப்ராசஸர் 75-ல் இருந்தாலும் வேகம் திடீரென்று விழக்கூடும். காரணம் தெரியாமல் பலர் பேஸ்ட்டை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பின்பக்க ஃபேனோடு மேலேயும் ஒரு ஃபேனை வெளியே தள்ளும்படி வைத்தால் நன்றாக இறங்கும்.

வோல்டேஜையும் எச்டபிள்யூஇன்ஃபோவில் எஸ்விஐ2 டிஎஃப்என் என்று இருக்கும் வரியில் பாருங்கள். பயாஸில் நீங்கள் அடித்த எண் வேறு, சுமையில் ப்ராசஸருக்குப் போய்ச் சேரும் எண் வேறு. சுமையில் வோல்டேஜ் இறங்குவதை ஈடுகட்டும் லோட் லைன் அமைப்பை உச்சத்தில் வைத்தால் சுமை விலகும் நொடியில் வோல்டேஜ் மேலே துள்ளும். நடுத்தரத்தில் வைத்திருப்பது பாதுகாப்பு.

திருச்சி_ரைசன் எழுதியது:

கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஓட்டினேன், 80-லிருந்து 76. அறை 34 டிகிரியேதான். கோர் 2-ஐ 5-க்கு மாற்றியபின் கோர்சைக்ளர் இரவு முழுக்க ஓடியது, பிழை இல்லை, ரீஸ்டார்ட்டும் இல்லை. கேமில் 66, 68. லிக்விட் கூலரை விட்டுவிட்டு வலைமுகப்புக் கேபினட் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. சும்மா இருக்கும்போது 45-ல் இருக்கிறது, பிரவுசரைத் திறந்தால் ஒரே நொடியில் 60-க்குத் தாவி இறங்குகிறது. ஃபேன் ஒவ்வொரு முறையும் விர்ரென்று ஏறி இறங்குகிறது. ராத்திரியில் அம்மாவுக்குத் தூக்கம் கெடுகிறது.

வரைகலைக்காரி எழுதியது:

அந்தத் தாவல் இந்த ப்ராசஸரின் இயல்பு. ஒரு கோர் 4.85-க்குப் போய்த் திரும்புகிறது, சின்னத் துண்டு என்பதால் வெப்பமும் உடனே காட்டும். ஃபேன் அதைத் துரத்திப் பயனில்லை. பயாஸின் ஃபேன் பகுதியில் ஸ்டெப் அப் டைம் (ஃபேன் வேகம் ஏற எடுத்துக்கொள்ளும் நேரம்) என்று இருக்கும், அதை உங்கள் போர்டு அனுமதிக்கும் அளவுக்கு உயர்த்துங்கள். ஃபேன் வேக வளைவில் 65 டிகிரி வரை ஒரே வேகம், 40 விழுக்காடு என்று தட்டையாக வையுங்கள். அங்கிருந்து 80-க்கு 85 விழுக்காடு வரை ஏறட்டும். மழைக்காலம் வந்து அறை 28-க்கு இறங்கினால் தட்டையான பகுதியை இன்னும் குறைக்கலாம்.

புதியவன்_சேலம் எழுதியது:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் 5600எக்ஸ், பெட்டியோடு வந்த கூலர். 85 வருகிறது. நானும் இதே 115 வாட் வைக்கலாமா?

மின்னோட்டம் எழுதியது:

உங்கள் ப்ராசஸரின் வரம்பே 76 வாட்தான், 115 என்று வைத்தால் ஏற்றிவிடுவீர்கள். பிபிடியை 76-லேயே விட்டுவிட்டு, கர்வ் ஆப்டிமைசரை மட்டும் எல்லாக் கோருக்கும் நெகட்டிவ் 10-ல் தொடங்குங்கள். பெட்டிக் கூலர் சின்னது, உங்கள் வெப்பத்துக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். நான்கு ஹீட் பைப் டவர் ஒன்று போட்டால் போதும். எழுதும்போது அறை வெப்பத்தையும் சேர்த்து எழுதுங்கள் தம்பி.